அரசன் பெயர் தேதிக்கு மட்டும் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பிதழில் சமீபத்தில் வந்த யாழ்ப்பாணப் போர்க்கதையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். எழுதியவரை எனக்குத் தெரியாது, அவர் மேல் கோபமும் இல்லை. நல்ல மொழி அவருக்குக் கைவந்திருக்கிறது, படிக்க ஆரம்பித்தால் கீழே வைக்க முடியவில்லை. அதனாலேயே வருத்தம் கூடுதலாக இருக்கிறது.

கதை 1993-ல் நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு வீடு, வெளியே குண்டு விழுந்துகொண்டிருக்கிறது, உள்ளே ஒரு அம்மா ஃபிரிட்ஜைத் திறந்து களைத்து வந்த மகனுக்குக் குளிர்ந்த தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறாள், அந்த நேரம் பார்த்து போன் அடிக்கிறது, பேசுவது தளபதி. அதற்கப்புறம் அந்த அம்மா கதையில் வரவே இல்லை. தளபதி பேசுகிறார், மகன் பேசுகிறான், மேசையில் வரைபடம் விரிக்கிறார்கள், வீர வசனத்தோடு கதை முடிகிறது.

நான் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாம்பாறு அணையை ஒட்டி இருக்கிற இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து படிக்க வருகிறவர்கள் எனக்கு நீண்ட நாள் பழக்கம், ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. (பெயர் எதுவும் இங்கே போடவில்லை, அவர்கள் விரும்ப மாட்டார்கள்.) அவர்களில் எழுபது வயது தாண்டிய ஒரு அம்மாவிடம் உங்கள் இதழைக் கொடுத்தேன். அவர் கதையை விடாமல் படித்து முடித்தார், அப்புறம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி, தொண்ணூறாம் ஆண்டு சண்டை தொடங்கினதோட கரண்ட் போயிட்டுது, போனும் போயிட்டுது. இந்தத் தம்பி எந்த வீட்டில ஃபிரிட்ஜ் கண்டவர்?"

பிறகு அவரே ஒரு விளக்கு செய்வது எப்படி என்று சொன்னார். காலி ஜாம் போத்தல் ஒன்று வேண்டும். அடியில் பஞ்சை வைத்து அதில் மண்ணெண்ணெயை விட வேண்டும், பஞ்சு எவ்வளவு குடிக்குமோ அவ்வளவுதான், ததும்ப ஊற்றக்கூடாது. பழைய சைக்கிள் டியூபின் வால்வுக் குழாயை வெட்டியெடுத்து அதற்குள் திரியைக் கோத்து, ஒரு கம்பியால் கட்டிப் போத்தலுக்குள் தொங்கவிட வேண்டும். போத்தலின் கண்ணாடிச் சுவர் காற்றை மறைக்கும், எண்ணெயும் மிச்சமாகும். அந்த வெளிச்சத்தில் மூன்று பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து படித்திருக்கிறார்கள், அதில் மூத்தவள் பரீட்சை எழுதியிருக்கிறாள். செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்து, எல்லாரும் மூச்சுக் காட்டாமல் பிபிசி தமிழோசை கேட்பார்களாம். பெடல் சுற்றுகிறவன் களைத்துப்போனால் குரல் தேய்ந்துவிடும், அடுத்தவன் வந்து கையைக் கொடுப்பான்.

ஒரு ஃபிரிட்ஜுக்குப் போய் இவ்வளவு பெரிய கடிதமா என்று நீங்கள் நினைக்கலாம். ஃபிரிட்ஜோடு நிற்கிற விஷயமாக இருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். அந்த ஆண்டுகளில் வடக்குக்குப் பேட்டரி போகாது, பெட்ரோல் போகாது, உரம் போகாது, சோப்பும் மண்ணெண்ணெயும் கிடைத்தாலும் யானை விலை. துணி வெளுக்கப் பனம்பழத்தைத் தேய்த்தார்கள். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், கிளப்புவதற்கு மட்டும் நாலு சொட்டு பெட்ரோலை மருந்து மாதிரி வைத்துக்கொண்டார்கள். போர் என்றால் அந்த ஜனங்களுக்கு முதலில் இதுதான், குண்டு அதற்கப்புறம். இன்றைக்கு ராத்திரி விளக்கு எரியணுமா, எண்ணெயை மிச்சம் பிடித்து நாளைக்குப் பிள்ளை படிக்க வைக்கணுமா என்று ஒரு அம்மா தினமும் கணக்குப் போட்டாள் பாருங்கள், அந்தக் கணக்கைத்தான் கதைக்காரர் ஒரு ஃபிரிட்ஜை வைத்து அழித்துவிட்டார். அந்த அம்மாவுக்குக் கதையில் வேறு வேலை இல்லாமல் போனதற்கும் அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அவள் நாள் பூராவும் என்ன செய்தாள் என்று தெரிந்திருந்தால் தளபதியின் போனுக்காக அவளை இப்படி ஓரம் கட்டியிருக்கவே முடியாது.

நமக்கு இது பழைய வியாதி. சரித்திரக் கதை என்றாலே குதிரை, உறை கழன்ற வாள், ஒற்றன், அரண்மனைச் சுரங்கம். தர்மபுரிக்காரர்களைக் கேளுங்கள், தகடூர் என்றதும் அதியமான், ஔவை, நெல்லிக்கனி என்று வரிசையாகச் சொல்வார்கள், படையெடுத்து வந்த சேரன் பெயரையும் சொல்வார்கள். தமிழனும் தமிழனும் அடித்துக்கொண்ட அந்தச் சண்டையில் கோட்டைக்குள் மாட்டிக்கொண்ட குயவன் என்ன ஆனான், தினை விதைத்துவிட்டுப் போன குடியானவச்சி திரும்பி வந்து அறுத்தாளா என்று யாரும் கேட்டதில்லை. இந்தப் பக்கம் கிருஷ்ணகிரியிலும் அப்படித்தான். ஹைதர், திப்பு, கும்பினிப் படை, 1792-ல் பாரமகால் என்கிற இந்தச் சீமை கை மாறியது, எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த முப்பது வருஷத்தில் மாறி மாறி வந்த படைகளுக்குத் தீவனம் கொடுத்தே ஓய்ந்துபோன ஊர்களைப் பற்றி ஒரு நாவல் இருந்தால் நான் வாசலில் நின்று வாங்கிக்கொள்வேன்.

ஆனால் இதே மண்ணில் வேறு ஒரு வழக்கமும் இருந்திருக்கிறது, அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

தர்மபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் நடுகற்களைப் பார்க்கலாம். நம் இரண்டு மாவட்டங்களிலும், பக்கத்தில் செங்கம் வட்டாரத்திலும் வயலிலும் ஏரிக்கரையிலும் கிடைத்த மாதிரி இந்தக் கற்கள் தமிழ்நாட்டில் வேறெங்கும் இவ்வளவு கிடைத்ததில்லை. பெரும்பாலும் மாடு பிடிக்கிற சண்டையில் செத்தவர்களுக்கு எடுத்தது. எழுத்து உள்ள கற்களைப் படித்துப் பார்த்தால் ஒரு முறை இருக்கிறது. முதலில் இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு என்று ஒரு வரி. அவ்வளவோடு அரசனுக்கு வேலை முடிந்தது. அதற்கப்புறம் வருவதெல்லாம் செத்தவனைப் பற்றி: யாருடைய ஆள், அவன் பெயர் என்ன, எந்த ஊர் மாட்டை மீட்கப் போய் எப்படி விழுந்தான். செங்கத்துப் பக்கம் எடுத்தனூரில் உள்ள கல்லில் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆண்டு என்று போட்டுவிட்டு, எருமைகளுக்காகச் செத்துப்போன கருந்தேவகத்தி என்கிற ஆளைப் பற்றிச் சொல்கிறார்கள். அதோடு விடவில்லை, அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதி, அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் வெட்டி, நாயின் உருவத்தையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பல்லவப் பேரரசன் அங்கே வருவது வருஷம் சொல்வதற்கு. கல் எடுத்தது எருமைக்காரனுக்கும் நாய்க்கும்.

உள்நாட்டுப் போரை வைத்துக் கதை எழுதுகிறவர்கள் இந்தக் கல்லைப் பார்த்துவிட்டு எழுதட்டும். தலைவர்கள், தளபதிகள், ஒப்பந்தங்கள் எல்லாம் முதல் வரியில் தேதியாக வரட்டும். 1983 ஜூலை, 1987 ஒப்பந்தம், 1990, 1995, 2002 போர் நிறுத்தம், 2009 மே. அதற்கப்புறம் கதை முழுக்க யாருடைய எருமை, யாருடைய நாய் என்று போகட்டும்.

தேதி என்று சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது, இதை முகாமில் ஒரு பையன்தான் எனக்கு நோட்டில் எழுதிக் காட்டினான். அக்டோபர் 30. 1964-ல் அந்தத் தேதியில்தான் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு போட்டார்கள், அந்த ஜனங்களில் ஒருவரையும் கேட்காமல். 1990-ல் அதே அக்டோபர் 30-ல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணி நேரத்தில் ஊரை விட்டுப் போகச் சொன்னது புலிகள் இயக்கம். தலைமுறை தலைமுறையாக அங்கேயே தையல்கடை, இரும்புக்கடை, நகைக்கடை என்று இருந்தவர்கள் வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டு நடந்தார்கள். சரியாக ஐந்து வருஷம் கழித்து, 1995 அக்டோபர் 30, ராணுவம் நெருங்குகிறது, எல்லாரும் கிளம்புங்கள் என்று ஒலிபெருக்கி கட்டிச் சொல்ல, யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதித் தமிழர்கள் லட்சக்கணக்கில் ஒரே ராத்திரியில் செம்மணி, நாவற்குழி வழியாக மழையில் வெளியேறினார்கள். முஸ்லிம்கள் போனபோது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த ஒருவர் ஐந்து வருஷம் கழித்துத் தானும் மூட்டையோடு நின்றிருப்பார் இல்லையா? அவர் மனசுக்குள் அன்றைக்கு என்ன ஓடியது? இதை எந்த வரலாற்றுப் புத்தகமும் சொல்லாது. அதற்குத்தான் கதை வேண்டும்.

நான் சொன்ன அந்த அம்மா 95-ல் அந்தக் கூட்டத்தில் வந்தவர். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைக்கவே நெடுநேரம் ஆனதாம், சைக்கிளை உருட்டவும் இடமில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத் தண்ணீரைச் சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். என்ன எடுத்து வந்தீர்கள் என்று கேட்டேன். காணி உறுதி (நிலப் பத்திரம்), பிள்ளைகளின் சான்றிதழ், அரிசி, தையல் மெஷினின் தலைப்பாகம் மட்டும். காலையும் மேசையையும் விட்டுவிட்டு தலையை மட்டும் கழற்றி சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டியிருக்கிறார். கால் எங்கே போனாலும் மரத்தில் அடித்துக்கொள்ளலாம், தலை கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். கிளிநொச்சி, அங்கேயும் சண்டை வந்து காடு, மடு, மன்னார் என்று அலைந்தபோதெல்லாம் அந்த மெஷின் தலை கூடவே வந்திருக்கிறது. கடைசியில் படகுக்குக் காசு போதாமல் மன்னாரில் அதை விற்றுத்தான் ஏறியிருக்கிறார். படகுக்காரன் ராத்திரியில் தனுஷ்கோடிக்கு முன்னாலேயே மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட, விடிகிற வரைக்கும் கடலுக்கு நடுவில் நின்று, பிறகு மண்டபம், பிறகு இந்த அணைக்கட்டு. இதை அவர் சொல்லும்போது அழவில்லை. மெஷினை எவ்வளவுக்கு விற்றார், எவ்வளவுக்குப் போயிருக்க வேண்டும் என்பதை மட்டும் ரொம்ப நேரம் சொன்னார், அந்த வியாபாரி மேல் அவருக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

ஒரு நாவலுக்கு இது போதாதா? இதை விட்டுவிட்டு வரைபடம் விரிக்கிற தளபதி எதற்கு?

அப்புறம் இன்னொன்று, இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. சாதாரண ஜனங்களின் கதையை நேர்மையாகச் சொல்ல ஆரம்பித்தால் நமக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று பிரித்து வைத்திருப்பது நிற்காது. 1983-ல் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடு தேடி எரித்தார்கள், அதே தெருவில் சிங்களக் குடும்பங்கள் தமிழர்களைக் கட்டில் அடியில் ஒளித்தும் வைத்தார்கள். 1985 மே 14-ல் அனுராதபுரத்தில் போதி மரத்தைக் கும்பிட வந்த சிங்கள ஜனங்கள் சுடப்பட்டார்கள். 1986-ல் இயக்கங்கள் தங்களுக்குள்ளேயே கொன்றுகொண்டன, ஒரே தெருப் பையன்கள், ஒன்றாகப் படித்தவர்கள். 1987 தீபாவளி அன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நம் நாட்டு ராணுவம் புகுந்து டாக்டர்களையும் நர்ஸ்களையும் நோயாளிகளையும் சுட்டது. அடுத்த இரண்டு வருஷம் தெற்கே ஜேவிபி என்கிற சிங்கள இடதுசாரி இயக்கத்தின் கலவரத்தில் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மார்கள் பிள்ளைகளை இழந்தார்கள். 1990 ஆகஸ்ட் 3-ல் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். கடைசி நேரத்தில் வன்னியில் ஒரு பக்கம் ஷெல், இன்னொரு பக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கொடு என்று வந்து நின்ற இயக்கம். பிள்ளையை நிலத்துக்கடியில் பங்கரில் ஒளித்து வைத்த அம்மாக்களை எனக்குத் தெரியும், ஆமிக்குப் பயந்து ஒளித்தவர்களும் உண்டு, சொந்தப் பெடியளுக்குப் பயந்து ஒளித்தவர்களும் உண்டு. இரண்டில் ஒன்றை மட்டும் எழுதினால் அது பாதிக் கதை. முள்ளிவாய்க்காலில் 2009 மே மாதம் கொல்லப்பட்டவர்களுக்கு நாம் செய்கிற மரியாதை இதனால் குறையாது என்பது என் கருத்து. அவர்கள் எதை எதையெல்லாம் தாங்கினார்கள் என்பது அப்போதுதான் முழுசாகத் தெரியும்.

இதெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கத்து விவகாரம் என்று நம் ஆட்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். 2012 நவம்பரில் தர்மபுரி நாயக்கன்கொட்டாயில் ஒரு காதல் கல்யாணத்துக்காகத் தலித் ஜனங்களின் வீடுகள் வரிசையாக எரிக்கப்பட்டது எந்தக் கடலுக்கு அந்தப் பக்கம்? எரித்தவர்களும் எரிந்தவர்களும் ஒரே பஸ்ஸில் போய் வந்தவர்கள். அது போர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பக்கத்துத் தெருக்காரன் ஒரே நாளில் எப்படி அந்நியனாகிறான் என்பதை எழுத விரும்புகிற எழுத்தாளர் கப்பல் ஏற வேண்டியதில்லை.

எங்கள் நூலகத்தில் நாளிதழ் படிக்கிற மேசையில் காலையில் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இங்கேயே பக்கத்துக் கிராமம். மற்றவர் முகாமில் இருந்து வருகிறவர், பெயிண்டிங் வேலை, வேலை இல்லாத நாளில் வந்து உட்காருவார். உங்கள் பத்திரிகையைத்தான் தாள் தாளாகப் பிரித்து மாற்றி மாற்றிப் படிப்பார்கள், முன் தாளை யார் முதலில் எடுப்பது என்று சின்னப் போட்டிகூட உண்டு. இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையைப் பற்றி ஏதோ ஒரு செய்தி வந்த அன்றைக்குப் பட்டாளத்துக்காரர், "நான் அங்க இருந்தேன்" என்றார், யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பெயிண்டர் தாளை மடித்துவிட்டு, "எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டார். வவுனியா என்றார் இவர். எண்பத்தெட்டா, எண்பத்தொன்பதா என்று அவர் கேட்டார். எண்பத்தெட்டு. அப்புறம் வவுனியாவில் ஒரு சந்தி, ஒரு டீக்கடை, அங்கே இருந்த செக் போஸ்ட், இதைப் பற்றி இரண்டு பேரும் பேசினார்கள், ஒரே இடத்தை இரண்டு பேரும் வேறு வேறு பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். பெயிண்டர் அப்போது சின்னப் பையன், அந்த செக் போஸ்டில் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டுமாம். பட்டாளத்துக்காரர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்களுக்கும் பயம்தான் தம்பி, எவன் கையில என்ன இருக்குன்னு தெரியாது" என்றார். அந்தப் படையில் போனவர்களில் ஆயிரத்துக்கும் மேல் திரும்பவில்லை, அதில் இவருடைய பக்கத்துக் கட்டில்காரரும் ஒருவர் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். மறுநாளும் இரண்டு பேரும் வந்தார்கள், தாளைப் பிரித்துக்கொண்டார்கள். அவர்களுக்குள் சமாதானம் ஆனதா, மனசில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு நல்ல எழுத்தாளரால் அதைக் கண்டுபிடித்து எழுத முடியும் என்று நம்புகிறேன்.

அந்தப் பெயிண்டரின் குடும்பக் கதை இன்னும் நீளம். அவருடைய கொள்ளுத்தாத்தா பழைய சேலம் ஜில்லாவிலிருந்து கங்காணி கூட்டிப்போய் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். தர்மபுரியே 1965-ல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது, கிருஷ்ணகிரி தர்மபுரியிலிருந்து 2004-ல். ஆக அந்த ஆள் கிளம்பிப் போனது ஒருவேளை நம் ஊர்களில் ஒன்றிலிருந்தே இருக்கலாம், குடும்பத்தில் யாருக்கும் ஊர்ப்பெயர் நினைவில்லை. போகிறபோது மண்டபத்தில் நிறுத்தி வைத்து நோய் இருக்கிறதா என்று பார்த்து, தோட்டத்தின் அடையாளம் போட்ட தகரத் துண்டைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். 1948-ல் பிரஜாவுரிமை பறிபோனது. 1977 கலவரத்தில் மலையிலிருந்து துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தார்கள், காடு வெட்டி நிலம் திருத்தினார்கள், 1990-ல் அதையும் விட்டுவிட்டுப் படகு ஏறினார்கள். வந்து இறங்கியது அதே மண்டபத்தில். கொள்ளுத்தாத்தாவைச் சோதித்து அனுப்பிய இடத்திலேயே கொள்ளுப்பேரனைப் பதிந்து, நம் மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். நான்கு தலைமுறை சுற்றி இங்கேயே வந்து சேர்ந்திருக்கிறார், ஆனால் அகதி. 2021-ல் அரசு முகாமின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, புது வீடுகளும் கட்டிக் கொடுக்கிறார்கள், அதெல்லாம் நல்ல காரியம். 2019-ல் திருத்திய குடியுரிமைச் சட்டத்தில் மட்டும் இவருக்கு இடமில்லை.

நேர்காணல் எடுத்துப் போட்டால் போதாதா, கதை எதற்கு என்று கேட்பீர்கள். 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதற்கு அப்புறம் முகாம்காரர்களை நாம் பார்த்த பார்வையே வேறாகிவிட்டது. வெளியே போனால் கணக்கு, வந்தால் கணக்கு, மாதாமாதம் செக்கிங், கியூ பிரிவு போலீஸ். அண்ணன் இயக்கத்தில் இருந்தான் என்று ஒருவர் பேட்டியில் சொல்ல முடியுமா? இயக்கம் என் தம்பியைப் பிடித்துப்போனது என்று இன்னொருவர் சொல்ல முடியுமா, முகாமில் அடுத்த வீட்டிலேயே அந்த இயக்கத்து ஆளின் தாய் இருக்கும்போது? பெயரை மாற்றி, ஊரை மாற்றி, மூன்று பேர் வாழ்க்கையை ஒருவர் மேல் ஏற்றிச் சொல்கிற வசதி கதைக்கு மட்டும்தான் இருக்கிறது. உள்ளது உள்ளபடி வெளியே வர அவர்களுக்கு இருக்கிற ஒரே வழி அது. ஆனால் பெயரை மாற்றலாமே தவிர மண்ணெண்ணெயை மாற்றக்கூடாது. வெளிச்சம் எப்படி வந்தது, படகுக்கு யார் காசு கொடுத்தார்கள், சங்கக்கடையில் (கூட்டுறவுக் கடையில்) நிவாரணம் எந்த வரிசையில் கொடுத்தார்கள், சகடை என்று ஜனங்கள் பெயர் வைத்த அந்த விமானம் வரும்போது நாய் முதலில் ஓடியதா பிள்ளை முதலில் ஓடியதா, இதில் ஒன்று பிசகினாலும் அதை வாழ்ந்தவருக்கு அந்தக் கதையில் இடம் இல்லாமல் போய்விடுகிறது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. போர்க்கதை எது வந்தாலும் அச்சுக்குப் போகுமுன் அதை வாழ்ந்த ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். இங்கே பாம்பாறு, தர்மபுரிப் பக்கம் தும்பலஹள்ளி என்று அணைக்கட்டு ஓரங்களில் முகாம்கள் இருக்கின்றன, உங்கள் நிருபர்களுக்கு வழி தெரியும், விபத்து, வெள்ளம் என்றால் வருகிறார்கள்தானே. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது பட்டதாரிகள், எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அந்த அக்டோபர் 30 பையன் இரண்டு கதை எழுதி வைத்திருக்கிறான். ஞாயிறு இணைப்பில் மாதம் ஒரு பக்கம் அவர்களுக்கு ஒதுக்குங்கள், பெயர் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். எண்பத்து மூன்றில் முப்பது வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது, இன்னும் தள்ளிப்போட நேரமில்லை.

நிருபரை அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை அனுப்புங்கள், மற்ற நாளில் ஆண்கள் பெயிண்டிங் வேலைக்குப் போய்விடுவார்கள். செக்கிங் நாளில் மட்டும் வேண்டாம், அன்றைக்கு எல்லாரும் வரிசையில் நிற்பார்கள், பேசுகிற மனசு யாருக்கும் இருக்காது. எடுத்ததும் தலைவரைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள், பழக்கமான நாலு வார்த்தை சொல்லி முடித்துவிடுவார்கள். கிளம்பும்போது கையில் என்ன எடுத்தீர்கள் என்று கேட்கட்டும், பதில் சொல்லி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும். வந்திருக்கிற கதைகளைப் பார்த்துத் திருத்த ஆள் வேண்டுமென்றால் எனக்கு அனுப்புங்கள், நானும் அந்த அம்மாவும் உட்கார்ந்து படித்து, பிழை இருக்கிற இடத்தில் பென்சிலில் குறித்து அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூலகர்,
ஊத்தங்கரை,
கிருஷ்ணகிரி மாவட்டம்.